நாலு ஆபீஸும் பதினேழு டிரம்மும்

பின்கதவைத் திறந்தால் நாற்றம் வந்தது. மூடினால் கமலவேணி வந்தாள்.

"என்னங்க, பொண்ணுக்கு ஏழாம் மாசம் பொறந்துருச்சு. வளையல் போட்டு அழைச்சிட்டு வரணும். தலைப்பிரசவம். இந்த நாத்தத்துல புள்ளத்தாச்சிய எங்க கொண்டாந்து படுக்க வெக்கிறது?"

சேகரன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த நாற்றம் உள்ளே போகும்.

குருபோங்கில் தாமான் மெலூர் ஜெயா என்ற குடியிருப்பில், கடைசி வரிசையில், கடைசி வீடு அவர்களுடையது. அதற்குப் பின்னால் இருப்பது காலி நிலம் என்று எல்லாரும் சொன்னார்கள். காலியாக இருந்திருந்தால் சேகரன் நிம்மதியாக இருந்திருப்பார். அங்கே ஒரு காலத்தில் பழைய என்ஜின் எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும் கொட்டகை ஒன்று நடந்தது. நடத்தியவன் ஒரு நாள் கொட்டகையை மட்டும் பிரித்துக்கொண்டு காணாமல் போனான். பதினேழு டிரம்களும், கால் வைத்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும் கறுப்பு மண்ணும் அப்படியே கிடந்தன.

சேகரன் பக்கத்துத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒரு சாமான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். தினமும் வேலைக்குப் போகுமுன் அந்தப் பதினேழு டிரம்களையும் ஒரு தடவை எண்ணிவிட்டுத்தான் போவார். எண்ணி என்ன ஆகப்போகிறது என்று அவருக்கே தெரியாது.

அன்று, கட்டிக்கொடுத்த ஊரான மஸ்ஜித் தானாவிலிருந்து மகள் ஷாந்தினி போன் செய்தாள்.

"அப்பா, டாக்டர்கிட்ட கேட்டேன்லா. அந்த ஸ்மெல் பேபிக்கு நல்லதில்லையாம். க்ளீன் ஆனாத்தான் நான் வருவேன். இல்லாட்டி இங்கயே இருந்துக்கறேன்."

கமலவேணி போனைப் பிடுங்கினாள். "என்னடி பேச்சு இது? தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வராம இருந்தா உன் மாமியார் வீட்டுல என்னைய என்ன நெனப்பாங்க?"

"மாமியார் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்கம்மா. அவங்களும் உங்க வீட்டுக்கு வந்து மூக்கப் புடிச்சவங்கதானே."

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் கமலவேணியால் வீட்டில் உட்கார முடியவில்லை. புருஷனையும் உட்கார விடவில்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டு சேகரன் ஆபீஸ் ஆபீஸாக ஏறினார்.

அந்த ஆபீஸ்களின் முழுப் பெயரை எழுதினால் கதை இரண்டு பக்கம் நீளும். கமலவேணி வைத்த பெயர்களே நமக்குப் போதும். நாத்த ஆபீஸ், மண்ணு ஆபீஸ், தண்ணி ஆபீஸ், புல்லு ஆபீஸ். பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது. நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம், 'ஐயா'வுக்குச் சொல்லும் 'துவான்' மட்டும் அப்படியே இருக்கட்டும்.

"டிரம்முக்குள்ளே இருக்கிற எண்ணெய் எங்க பொறுப்பு," என்றார் நாத்த ஆபீஸ் அதிகாரி, மிக மரியாதையாக. "வெளியே சிந்திட்டா அது மண்ணு."

"மண்ணு எங்களுதுதான்," என்றார் மண்ணு ஆபீஸ் அதிகாரி. "ஆனா அதுல எண்ணெய் இருக்குன்னு நீங்களே சொல்றீங்களே."

தண்ணி ஆபீஸ் அதிகாரி சாக்கடைக் கால்வாய்களின் வரைபடத்தையே விரித்துவிட்டார். "இந்த லோங்காங்குல ஓடினா எங்களுது. இப்ப ஓடுதா?"

"இப்ப வெயில் துவான். மழை வந்தா ஓடும்."

"அப்ப மழை வந்ததும் வாங்க."

கடைசியாகப் புல்லு ஆபீஸ். அங்கே கணேஸ்வரன் என்ற நாற்பது வயதுக் கிராணி, அதாவது குமாஸ்தா, இருந்தார். தமிழ் முகத்தைப் பார்த்ததும் சேகரனுக்குப் பாதி நாற்றம் போன மாதிரி இருந்தது.

"புல்லு ஒரு அடிக்கு மேல வளந்திருந்தா நாங்க வந்து வெட்டுவோம்ணே. அங்க புல்லு இருக்கா?"

"எண்ணெய் மண்ணுல எப்படிலா புல்லு மொளைக்கும்?"

"அப்ப எங்க வேலை ஏற்கெனவே முடிஞ்ச மாதிரிதான்." கணேஸ்வரன் அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எதைக் கேட்டாலும் எழுதிக்கொள்வது அவர் பழக்கம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், நான் சொன்னதா சொல்லாதீங்க. டிரம்மு நிலத்துல கெடந்தா நாலு ஆபீஸ் வேலை. ரோட்டோரத்துல கெடந்தா வெறும் குப்பை. குப்பைன்னா திங்கக்கெழமை லோரி வந்து தூக்கிரும்."

சேகரனுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கம்பக்கத்தார் பாசாருக்குச் சாமான் வாங்கப் போன நேரம் பார்த்து, கமலவேணியின் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, தள்ளுவண்டியில் ஒரு டிரம்மை ஏற்றினார். முதலில் ஒன்று, லோரி தூக்கினால் மீதியையும் இப்படியே தள்ளிவிடலாம் என்று கணக்கு.

கணக்கு வீட்டு முனை வரை சரியாகத்தான் போனது. அங்கே தள்ளுவண்டிச் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. டிரம் இறங்கி, தானாகவே உருண்டு, ரோட்டைத் தாண்டாமல், ரோட்டோரத்திலும் நிற்காமல், நேராக லோங்காங்குக்குள் போய் விழுந்து மூடியைத் திறந்துகொண்டது.

"அலாமா!" என்றார் சேகரன்.

"என்னங்க சத்தம்?" என்றாள் உள்ளிருந்து கமலவேணி.

"ஒண்ணுமில்ல. நீ கதவச் சாத்து."

திங்கட்கிழமை லோரி வந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, ரோட்டோரம் என்றுதானே சொன்னார்கள், இது லோங்காங் ஆயிற்றே என்று திரும்பிப் போனது. செவ்வாய் தண்ணி ஆபீஸ் வந்தது. கறுப்புத் தண்ணீர் மேற்கொண்டு ஓடாமலிருக்க மணல் மூட்டை போட்டு அடைத்தது. அடைத்த இடம் சேகரன் வீட்டு வாசல். புதன் நாத்த ஆபீஸ் வந்து வீட்டைச் சுற்றி மஞ்சள் ரிப்பன் கட்டியது. வியாழன் மண்ணு ஆபீஸ் வந்து, நிலத்தை அளந்து, வேலி போட்டது. அளந்து பார்த்ததில் சேகரனின் பின்படிக்கட்டு இரண்டடி அரசாங்க நிலத்தில் இருப்பது தெரியவந்தது. வேலி பின்கதவை ஒட்டியே போனது. கமலவேணியின் முருங்கை மரமும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேகரனின் இரண்டு கைலிகளும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன.

"முன்னால பின்பக்கம் மட்டும்தான் நாறுச்சு," என்றாள் கமலவேணி. "இப்ப வாசல்லயும் நாறுது. நல்லா சுத்தம் பண்ணீங்க போங்க."

ஷாந்தினியின் வளைகாப்பு மஸ்ஜித் தானாவிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. கமலவேணி எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசினாள். திரும்பி வரும்போது காரில் மிஞ்சிய வளையல்களை மடியில் கொட்டி எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழாம் மாதம் எட்டாம் மாதம் ஆகிவிட்டது.

இனி தனித்தனியாகப் போய்ப் பயனில்லை என்று சேகரன் முடிவு செய்தார். ஒரே கடிதம் எழுதினார். நான்கு ஆபீஸுக்கும் நான்கு நகல். ஒவ்வொன்றின் கீழேயும் மற்ற மூன்று ஆபீஸுக்கும் இது போயிருக்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டார். மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்தது. அடுத்த புதன்கிழமை நான்கு ஆபீஸும் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. சுற்றுவட்டாரத்தில் ஒதுங்க இருந்த ஒரே கூரை சேகரன் வீட்டு போர்ச்தான்.

வீடு தேடி வந்தவர்களுக்குப் பசியாற ஏதும் கொடுக்காமல் அனுப்பினால் கமலவேணிக்குத் தூக்கம் வராது. உளுந்து வடை சுட்டாள். தேங்காய்ச் சட்னி அரைத்தாள். தேத்தண்ணி ஆற்றினாள். மழை நின்றது, யாரும் எழுந்திருக்கவில்லை.

"கூட்டுக் குழு ஒன்று அமைக்கிறோம்," என்று அறிவித்தார் நாத்த ஆபீஸ் அதிகாரி, மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டே. "வாராவாரம் புதன்கிழமை கூடும். இடம்?"

நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "இங்கேயே."

நான்கு ஆபீஸும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். வெகு நாளைக்கு ஒரே விஷயமும் அதுதான்.

குழுவின் கூட்டக் குறிப்பை, அதாவது மினிட்டை, எழுதும் வேலை கணேஸ்வரனுக்கு. மினிட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்று 'நடவடிக்கை', மற்றது 'தகவலுக்கு'. நடவடிக்கைக் கட்டத்தில் பெயர் விழுந்தால் வேலை செய்ய வேண்டும். தகவல் கட்டத்தில் விழுந்தால் படித்தால் போதும். நான்கு பேரும் தகவல் கட்டத்துக்குள் நுழைந்து உட்காரத்தான் இடம் தேடினார்கள். எந்த ஆபீஸ் தலைமை தாங்குவது என்ற பேச்சு மூன்று புதன்கிழமைகள் நடந்தது. மற்றவர்களுக்குத்தான் அனுபவம் அதிகம் என்று ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரையும் வாயார வாழ்த்தினார்கள்.

சேகரனைக் குடியிருப்பாளர் பிரதிநிதியாகக் குழுவில் சேர்த்தார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்துப்பட்டை போட்ட சட்டை எடுத்து வைத்துக்கொண்டார். மினிட் கைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் பெயரைத் தேடினார். இருந்தது. நடவடிக்கைக் கட்டத்திலேயே இருந்தது. நான்கு பக்க மினிட்டில் அந்தக் கட்டத்தில் இருந்த ஒரே பெயர் அதுதான்: அடுத்த கூட்டத்துக்கு நான்கு நாற்காலி கூடுதலாகப் போடுவது, நடவடிக்கை, சேகரன்.

"என்னலா இது?" என்றார் கணேஸ்வரனிடம்.

"யாராவது ஒருத்தர் பேராவது அந்தக் கட்டத்துல இருக்கணும்ணே. இல்லாட்டி மேலேர்ந்து கேள்வி வரும்."

நான்காவது புதன்கிழமை, கூட்டத்தின் நடுவே, ஷாந்தினி போன் செய்தாள். பேசி முடித்ததும் அதிகாரிகள் மகளைப் பற்றி அன்பாக விசாரித்தார்கள். பெற்ற பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால் சேகரன் விடுவாரா?

"மஸ்ஜித் தானாவுல தாமான் கெனாங்கா இண்டா. மருமகன் தினேஸ்வரன், ஸ்கூல் வாத்தியார். சொந்த வீடு துவான், கடைசி வீடு! வீட்டுக்குப் பின்னால இவ்ளோ பெரிய காலி நிலம், காத்து சும்மா அள்ளும். ஆளுங்களும் டீசன்ட். எல்லாரும் காலையில வேலைக்குப் போனா சாயங்காலம்தான் வருவாங்க. எங்க தாமான் மாதிரி தொட்டதுக்கெல்லாம் கம்ப்ளேன் பண்ற ஜாதி இல்ல. அங்க ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

அதிகாரிகள் தலையாட்டிக் கேட்டார்கள். கணேஸ்வரன் எழுதிக்கொண்டார். அவர்தான் எல்லாவற்றையும் எழுதுகிறவராயிற்றே. சட்னியில் உப்புக் கம்மி என்று மண்ணு ஆபீஸ் அதிகாரி சொன்னதைக்கூட எழுதியிருந்தார், தகவலுக்கு என்று.

அன்று சாயங்காலம் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த கமலவேணி சட்டென்று நிறுத்தினாள்.

"எனக்கு இப்பத்தான் புரியுது. இவங்க ஏன் முடிவு பண்ண மாட்டேங்கிறாங்க?"

"பெரிய விஷயம்லா. நாலு ஆபீஸு. சட்டம் இருக்குது, ரூல்ஸ் இருக்குது."

"மண்ணாங்கட்டி. முடிவு பண்ணிட்டா அடுத்த புதன்கெழம வடைக்கு எங்க போவாங்க? என் கையால நானே ஊட்டி ஊட்டி வளத்துட்டேன்." அவள் கண் கலங்கிவிட்டது. "ஒம்பது பொறக்கப் போகுது. எம் பொண்ணுக்கு ஒரு வாய் பத்தியச் சோறு என் வீட்டுல வெச்சுப் போட எனக்குக் குடுத்து வெக்கல. ஊர்ல உள்ள துவானுக்கெல்லாம் வடை போடறேன்."

சேகரனுக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. கழுவிய தட்டுகளையே மறுபடி எடுத்துத் துடைத்தார்.

ஐந்தாவது புதன்கிழமை. போர்ச்சில் நாற்காலிகள் இருந்தன. நடுவில் ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. பக்கத்தில் ஒரு ஜாடித் தண்ணீர். அதிகாரிகள் சமையலறைப் பக்கம் பார்த்தார்கள். எண்ணெய் கொதிக்கும் சத்தம் வரவில்லை.

பத்தே நிமிடம். கூட்டம் முடிந்துவிட்டது. வரும் வியாழன் லோரி வரும். டிரம் அத்தனையும் ஏறும், மேல்மண்ணைத் தோண்டி மூட்டை கட்டி அதுவும் ஏறும், நான்கு ஆபீஸும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பது பின்னிணைப்பில் இருக்கிறது என்று கணேஸ்வரன் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். சேகரன் அதை வாங்கி அப்படியே டிவி மேசைமேல் போட்டார். அவர் பின்னிணைப்பெல்லாம் படிக்கிற ஆளில்லை. எங்கேயோ போய்த் தொலையட்டும், இங்கே இல்லாவிட்டால் போதும்.

"பாத்தீங்களா?" என்றாள் கமலவேணி. "மொத வாரமே வெறும் பிஸ்கட்ட வெச்சிருந்தா எம் பொண்ணு இப்ப இங்க இருந்திருப்பா."

ஆனால் அந்தக் கையெழுத்தோடு ஒரு வரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மண்ணைத் தோண்டும்போது தூசி கிளம்பும். சோதனை முடியும்வரை மூன்று மாதத்துக்கு அந்த வரிசை வீடுகளில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கக்கூடாது.

கமலவேணி அதைக் கேட்டுவிட்டு அரைமணி நேரம் அழுதாள். நிஜமாகவே அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பீரோவைத் திறந்தாள்.

"பொண்ணு தாய் வீட்டுக்கு வர முடியல இல்ல? சரி. தாய் வீடு பொண்ணுகிட்டப் போகும். நீங்க மூணு மாசம் அங்கேர்ந்து வேலைக்குப் போங்க."

வியாழக்கிழமை காலை தாய் வீடு காரில் ஏறியது. மஞ்சள், நல்லெண்ணெய், உரித்த பூண்டு, பிரசவ மருந்துப் பொடி, தொட்டில் கட்டப் பழைய நூல் சேலை, வெந்நீர் அண்டா. அண்டாவைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள்.

பின்னால் லோரியும் நிரம்பிக்கொண்டிருந்தது. லோங்காங்கில் விழுந்ததும் சேர்த்துப் பதினேழு டிரம். சேகரன் கடைசியாக ஒரு தடவை எண்ணினார். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் எண்ணியதில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டிய லோரிக்காரர் பிச்சைமுத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, மஸ்ஜித் தானாவுக்கு எந்த ரோட்டுல போனா நல்லது? என் போன்ல பேட்டரி செத்துப் போச்சு."

"அங்கயா போறீங்க தம்பி?"

"அந்தப் பக்கம்தான். பேப்பர்ல போட்டிருக்கு."

"நாங்களும் அங்கதானே போறோம்! என் காடி பின்னாலயே வாங்க. நான் கொண்டு போய் விடறேன்." சேகரனுக்கு அன்று யாருக்காவது ஏதாவது உதவி செய்தே ஆகவேண்டும் போலிருந்தது. "இத்தன நாளா நாங்க பட்ட பாட்டுக்கு, நீங்க எனக்கு சாமி மாதிரி."

வழிநெடுக அவர் காரை மெதுவாகத்தான் ஓட்டினார். சிக்னலில் லோரி பின்தங்கினால் ஓரமாக நிறுத்திக் காத்திருந்தார். கமலவேணி இரண்டு முறை ஜன்னலை ஏற்றி இறக்கினாள்.

"இன்னும் அந்த நாத்தம் வருதுங்க."

"நம்ம துணியிலயே ஒட்டிக்கிச்சு போல. ஷாந்தினி வீட்டுக்குப் போனதும் குளிச்சிரு."

மஸ்ஜித் தானா டவுன் வந்தது. கடைத்தெருவைத் தாண்டினார்கள். கண்ணாடியில் லோரி தெரிந்தது. தாமான் கெனாங்கா இண்டா வளைவில் சேகரன் சிக்னல் போட்டார். லோரியும் சிக்னல் போட்டது.

"இன்னுமா வர்றான்?" என்றாள் கமலவேணி.

"பாவம், நம்மள நம்பி வந்துட்டான். போய் எறங்கினதும் வழி சொல்லி அனுப்பிருவோம்."

கடைசி வரிசையில், கடைசி வீட்டு வாசலில், ஷாந்தினி வயிற்றில் கை வைத்தபடி நின்றிருந்தாள். கமலவேணி கார் நிற்குமுன்பே கதவைத் திறந்து ஓடினாள். சேகரன் இறங்கி, சோம்பல் முறித்து, பின்னால் வந்து நின்ற லோரியிடம் போனார்.

"என்ன தம்பி, டவுன்லயே திரும்பியிருக்கணுமா? என் பின்னாலயே வழி தவறி வந்துட்டீங்களே."

"இல்லண்ணே, கரெக்டாத்தான் கொண்டாந்து விட்டுருக்கீங்க." பிச்சைமுத்து காகிதத்தை விரித்து, வீட்டு நம்பரைப் பார்த்து, பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "தாமான் கெனாங்கா இண்டா, கடைசி வீடு, பின்னால காலி நிலம். இதேதான்."

"அப்பா, என்னப்பா இது ஸ்மெல்லு?" என்று வாசலிலிருந்து ஷாந்தினி கேட்டாள்.

சேகரன் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தார். "இங்கயா? ஏன்... இங்க ஏன் தம்பி?"

பிச்சைமுத்து தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"கொண்டு போய் வெக்க எடம் கெடைக்காமத்தான் இத்தன நாளு இழுத்துச்சாம்ணே, கடைசியில கமிட்டியிலயே யாரோ ஒரு புண்ணியவான் சொன்னாராம், இங்க ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்கன்னு."